ஆற விட்ட வண்டி

சென்றாயனைப் பார்த்து ஊரில் யாரும் நல்லா இருக்கியா என்று கேட்டதில்லை. வண்டி நல்லா இருக்குதா என்றுதான் கேட்பார்கள். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். வண்டிக்குச் சளி பிடித்திருக்கிறது, நேற்றிலிருந்து வயிறு சரியில்லை என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போவார். சித்தேரிக்கு வந்து, அங்கிருந்து ஒரு பெரிய மேட்டை ஏறி இறங்கினால் வரும் சிற்றூர் அது. சுற்றிலும் மலை, நடுவில் கிண்ணத்தின் அடி மாதிரி கொஞ்சம் சமநிலம், அதில் சாமையும் ராகியும் போடுகிற குடும்பங்கள். அந்தக் கிண்ணத்துக்குள் முதன்முதலாக வந்து இறங்கிய மோட்டார் வாகனம் சென்றாயனின் புல்லட்.

வண்டி வந்ததே ஒரு கதை. வாலிப வயசில் மலையில் பிழைப்பு இல்லாமல் குடகுக்குப் போனவர்களில் அவரும் ஒருவர். காபி பறிப்பது, மிளகுக் கொடி ஏறுவது, மழை பிடித்துக்கொண்டால் லைன் வீட்டில் சுருண்டு கிடப்பது என்று வருசங்கள் போயின. கன்னடம் பேசக் கற்றுக்கொண்டார். திட்டுவதற்கு மட்டும் தமிழை வைத்துக்கொண்டார். தோட்டத்தில் கணக்கு எழுதுகிற ரைட்டரின் கொட்டகையில் ஒரு பழைய புல்லட் கோழிகள் அடைகிற இடமாக நின்றுகொண்டிருந்தது. ரைட்டர் வேலையை விட்டுப் போகும்போது அதை இரும்புக் கடைக்குத் தள்ளிவிடப் பார்த்தார். சென்றாயன் குறுக்கே விழுந்து வாங்கிக்கொண்டார். ரெண்டு மாடு வாங்கியிருக்கலாம் என்று குள்ளம்மாள் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வண்டி உயிர் பெற்று ஊர் திரும்பிய அன்றைக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தவளும் அவள்தான். மடியில் கைக்குழந்தையாகக் காவேரி. அந்த ஆறு பிறக்கிற ஊரில் பிறந்ததால் அந்தப் பேர்.

குள்ளம்மாள் பேருக்குத்தான் குள்ளம். புருசனைவிட ஒரு சாண் உயரம். வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் அவர் தலைக்கு மேலே அவள் முகம் தெரியும். ஊர்ப் பெண்கள் ‘மாடி வண்டி வருது’ என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் மேலே இருந்தபடியே நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவாள்.

அந்த வண்டி மலைக்குச் செய்ததைச் சொல்லி மாளாது. கடுக்காய் மூட்டை, புளி மூட்டை, ரேசன் அரிசி எல்லாம் அதில் போய்வந்தன. பாம்பு கடித்தவர்களை அதில்தான் கொண்டுபோனார்கள். இடுப்பு வலி கண்ட பெண்களைச் சென்றாயனுக்கும் குள்ளம்மாளுக்கும் நடுவில் உட்காரவைத்து, சித்தேரிவரை கொண்டுபோய் ஜீப்பில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். இப்போது ஊரில் வேறு வண்டிகளும் உண்டு. அவை எல்லாம் வாங்கிய பையன்களோடு திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கின்றன. பொங்கலுக்கு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போய்விடும். மற்ற நாளில் அவசரம் என்றால் சென்றாயன் வூட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். அவர் ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை. ஊருக்கெல்லாம் ஓடிய வண்டி அது. அவருக்கென்று ஓடவேண்டிய காலம் வந்தபோதுதான் அது நிற்கத் தொடங்கியது.

குள்ளம்மாளுக்கு முதலில் கால் வீங்கியது. களை வெட்டின களைப்பு என்றார்கள். பிறகு முகம் வீங்கியது. தருமபுரிக்குக் கொண்டுபோய்க் காட்டியதில் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று தெரிந்தது. வாரத்தில் இரண்டு நாள் அரூருக்கு வந்து ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், ஒரு தடவைகூடத் தவறக் கூடாது, தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும் என்றார் டாக்டர். மிசினில் அவளுக்குக் கொடுத்த முறை காலை முறை. சித்தேரியிலிருந்து கிளம்புகிற பஸ் அந்த நேரத்துக்குப் போய்ச் சேராது. அரூரிலோ கம்பைநல்லூரில் மகள் வூட்டிலோ தங்கலாம் என்று காவேரி கெஞ்சினாள். குள்ளம்மாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மருமகன் வூட்டில் நோயாளியாகக் கிடக்கமாட்டேன், என் கோழி, என் ஆடு என்றாள்.

“வண்டி இருக்குது, நான் இருக்கறன். கொண்டுபோய் கொண்டாந்துடறன்,” என்றார் சென்றாயன்.

அந்தச் சொல்லில்தான் அவள் உயிர் இருந்தது. அதை அவர் நன்றாகத் தெரிந்துதான் சொன்னார்.

அதனால் வண்டியைச் சாமியாகவே வைத்துக்கொண்டார். முன்னெல்லாம் ஆயுத பூசைக்கு ஒரு நாள் கழுவிப் பொட்டு வைப்பதோடு சரி. இப்போது ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதும் சந்தனமும் மஞ்சளும் குழைத்து, டேங்கின் மேல் மூடியில் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, கண்ணை மூடி நின்றுவிட்டுத்தான் கிக்கரை மிதிப்பார். பொட்டு வைக்க வாகான இடம் வண்டியில் அந்த மூடிதான். நெற்றி மாதிரி வட்டமாக, மேலே பார்த்தபடி இருக்கும். குள்ளம்மாள் பையை இடுக்கிக்கொண்டு நின்று வேடிக்கை பார்ப்பாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போறது நானு. பொட்டு அதுக்கா?”

“நீ என்னத்துல போற?” என்பார் அவர்.

சில மாதம் பழுதில்லாமல் போயிற்று. ஒரு நாள் திரும்பி வரும்போது மலைப்பாதையில், வளைவு தாண்டி ஏறுமுகத்தில், விக்கல் எடுத்தமாதிரி இரண்டு முறை குலுங்கிவிட்டு வண்டி நின்றது. மிதித்து மிதித்து முழங்கால் கழன்றதுதான் மிச்சம். இஞ்சினில் கையை வைத்தார், தோசைக்கல்லாகக் கொதித்தது. ஓரமாக நிறுத்தி, இரண்டு பேரும் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து மிதித்தபோது பிடித்துக்கொண்டது. வயசாகிவிட்டது, அதற்கும் மூச்சு வாங்குகிறது என்றாள் குள்ளம்மாள். அடுத்த வாரம் மறுபடியும் நின்றது. அதற்கடுத்த வாரம் போகும்போதும் நின்றது, வரும்போதும் நின்றது.

அரூரில் பழைய வண்டி பார்ப்பவர் என்றால் வியாகுலம் மேஸ்திரிதான். மாதா கோயில் பக்கம் தகரக் கொட்டகை. கை சுத்தமான ஆள், வாயும் சுத்தம். சென்றாயன் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போடுவதற்குள்ளேயே சொல்லிவிட்டார்.

“சூடானா நின்னுடுதுங்க மேஸ்திரி. ஆறுனா ஓடுது.”

நோயாளியே நோய்க்குப் பேர் வைத்துவிட்டால் வைத்தியர் வேறு பேர் தேடுவதில்லை. வியாகுலமும் சூட்டைத்தான் தேடினார். சூட்டில் கெடுகிற சாமான்கள் பழைய வண்டியில் நிறைய உண்டு. முதலில் கண்டென்சரை மாற்றினார். பிறகு காயிலை மாற்றினார். பாயிண்டைத் தேய்த்து இடைவெளி வைத்தார். கார்பரேட்டரைக் கழற்றி ஊதினார். வால்வு இறுகியிருக்கும் என்று தளர்த்தினார். ஒவ்வொரு முறையும் மொரப்பூர் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள். நன்றாகப் போய்க்கொண்டே இருந்து எங்காவது ஓரிடத்தில் நிற்கும். வியாகுலம் இறங்கி, பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார், மூடுவார், பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போடுவார், மிதிப்பார். பிடித்துக்கொள்ளும்.

“பாத்தீங்களாண்ணா, கொஞ்சம் ஆறுனதும் புடிச்சிடுச்சு. சூடுதான்,” என்பார்.

சென்றாயனும் சூடுதான் என்று தலையாட்டுவார். இரண்டு பேர் சேர்ந்து ஆமாம் என்று சொன்னால் பொய்க்கும் பலம் வந்துவிடுகிறது.

வியாகுலத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. வண்டியைக் கொடுக்கும் முன் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவித்தான் கொடுப்பார். ஆனால் பொட்டில் கை வைக்கமாட்டார். எப்போதோ ஒருவருடைய டிராக்டரைக் கழுவும்போது முகப்பில் இருந்த பூசைப் பொட்டையும் சேர்த்துத் துடைத்துவிட, வேதக்காரன் எங்க சாமி பொட்டை அழித்துவிட்டான் என்று பெரிய ரகளையாகிவிட்டது. அன்றையிலிருந்து அவர் அந்தப் பக்கமே போவதில்லை. சென்றாயன் வண்டியைக் கழுவும்போதுகூட, மூடிமேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து ரப்பர் போட்டுக் கட்டி, பொட்டு நனையாமல் பார்த்துக்கொண்டார். அதைக் கண்டு சென்றாயனுக்கு அவர்மேல் மரியாதை கூடியது. நம்ம சாமியையும் மதிக்கிற மனுசன் என்று குள்ளம்மாளிடம் சொன்னார்.

கடைசியில் வியாகுலம் கையை விரித்தார்.

“மாத்தாதது ஒண்ணும் பாக்கி இல்லண்ணா. இதுக்கு மேல இஞ்சினத் தொறந்தா போட சாமான் கெடைக்காது. நின்னா பதறாதீங்க. நெழல்ல நிறுத்தி ஒரு அரை மணி ஆற வுடுங்க. ஈரச் சாக்கு போடுங்க. தானா புடிச்சிக்கும்.”

அப்படியே செய்தார். செய்த ஒவ்வொரு முறையும் வண்டி பிடித்துக்கொண்டது. அதனால் அந்தச் சொல் வேதவாக்காகிவிட்டது. பக்கவாட்டுப் பெட்டியில் ஒரு சாக்கும் ஒரு கேன் தண்ணீரும் நிரந்தரமாக ஏறின. வண்டி நின்றதும் சாக்கை நனைத்து இஞ்சின்மேல் போடுவார். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். குள்ளம்மாள் மரத்தடியில் உட்கார்ந்து அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஒரு நாளைக்கு ஒரு சொம்புக்கும் குறைவு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

“எனக்குக் குடுக்காத தண்ணிய எல்லாம் அதுக்கு ஊத்துங்க,” என்றாள் ஒரு நாள். கேலியாகத்தான் சொன்னாள். அவர் கேனை அவள் கண்ணில் படாமல் வண்டிக்குப் பின்னால் நகர்த்தி வைத்தார்.

வண்டி நிற்க நிற்க அவர் பூசையும் கூடியது. போன முறை நின்றது என்றால் இந்த முறை சந்தனம் இன்னும் கொஞ்சம் தடிப்பாக ஏறும். பழையது காய்ந்து வெடித்திருக்கும். அதைச் சுரண்டுவது பாவம் என்று அதன்மேலேயே புதியதை அப்புவார். வேறென்ன செய்வார். டாக்டர் கையில் மிசின் இருந்தது, மேஸ்திரி கையில் ஸ்பானர் இருந்தது, அவர் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

ஒரு முறை பாதி வழியில் பெட்ரோல் குறைந்திருந்தது. நின்ற இடத்தில் பாட்டில் பெட்ரோலை ஊற்றி மூடினார். ஆற விடாமலே, ஒரே மிதியில், வண்டி பிடித்துக்கொண்டது. அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பச்சைப் பெட்ரோல் போனதில் சூடு இறங்கியிருக்கும் என்று நினைத்தார். வியாகுலத்திடம் சொன்னார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் வெயிலில் அது ஆவியாகிவிடும், இனிமேல் எப்போதும் விளிம்பு தட்ட ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சரியான பதிலின் வாசல்வரை இரண்டு பேரும் போய், கதவைத் தட்டாமல் திரும்பி வந்தார்கள்.

சித்திரை பிறந்து வெயில் மலையிலும் ஏறிய வாரம். அந்த வாரத்து முதல் முறைக்குக் கிளம்பியபோது சித்தேரி தாண்டுவதற்குள்ளேயே மூன்று இடத்தில் வண்டி நின்றது. நேரம் போய்விட்டது, இனிப் போனாலும் மிசின் கிடைக்காது.

“திரும்புங்க. ஒரு தடவ போவலன்னா செத்தா போயிடுவேன்,” என்றாள் குள்ளம்மாள்.

அவருக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் திருப்பினார். அடுத்த முறை வருவதற்குள் அவளுக்கு உடம்பு முழுக்க நீர் கோத்துக்கொண்டது. படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே மூச்சு விட்டாள். போகவேண்டிய நாள் விடிந்ததும் பக்கத்து வூட்டுக்காரர் மாது வந்து பார்த்துவிட்டு, சீக்கிரம் கிளம்புங்க அண்ணா என்றார்.

சென்றாயன் அதற்கு முன்பே எல்லாம் தயாராக வைத்திருந்தார். சித்தேரியில் முந்தின நாளே வாங்கி வந்த பெட்ரோலை, வழியில் ஊற்றவே வேண்டாதபடி, டேங்கின் விளிம்பு தட்ட ஊற்றினார். சந்தனம் குழைத்து மூடியை முழுசாக மெழுகினார். நடுவில் குங்குமத்தைக் கட்டை விரலால் அழுத்தி வைத்தார். இன்னைக்கு மட்டும் என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டார். மாது குள்ளம்மாளைத் தூக்கி உட்காரவைத்து, அவள் சேலைத் தலைப்பைச் சென்றாயன் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டார். அவ்வளவு உயரமான பொம்பளை, அன்றைக்கு அவர் முதுகுக்குள் அடங்கியிருந்தாள்.

ஊரைவிட்டு மேட்டை ஏறிவிட்டால் போதும். மேட்டு உச்சியில் போனுக்கு சிக்னல் கிடைக்கும். அதற்குப் பிறகு சித்தேரிவரை இறக்கம், வண்டி ஓடாவிட்டாலும் உருண்டுவிடும். சித்தேரியில் ஜீப் இருக்கிறது. அந்த ஏற்றம்தான் கண்டம். முக்கால் ஏற்றம் ஏறியாயிற்று. உச்சியில் இருக்கிற ஆலமரம் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் வண்டி விக்கியது. இன்னொரு முறை விக்கியது. நின்றுவிட்டது.

அவளை இறக்கிப் பாறை நிழலில் சாய்த்து உட்காரவைத்தார். நடந்து உச்சிக்குப் போய் 108-க்குப் போன் போடலாமா என்று நினைத்தார். போய்ப் பேசிவிட்டு வர எவ்வளவு நேரமாகும், வண்டி வந்து சேர எவ்வளவு நேரமாகும். இதை ஆற விட்டால் அதற்கு முன்பே பிடித்துக்கொள்ளுமே. எத்தனை முறை பிடித்திருக்கிறது.

“நான் மேல போய் போன் போட்டு வர்றன் குள்ளி.”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “போவாதீங்க. உக்காருங்க.” ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். “ஆறட்டும்.”

சாக்கை நனைத்து இஞ்சின்மேல் போட்டார். ஆவி கிளம்பியது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மிதித்தார். இருமியது, பிடிக்கவில்லை. அவசரப்பட்டுவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி சாக்கை நனைத்தார். டேங்கைத் தட்டிப் பார்த்தார். நிறைந்த சத்தம் கேட்டது. அப்புறம் மூடியைத் திறந்து பார்க்க என்ன இருக்கிறது. அவள் தண்ணீர் கேட்டாள். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, கேனின் மூடியில் ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தார். இன்னும் கொஞ்சம் என்று கண்ணால் கேட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுக் குடிக்கலாம் என்றார். உள்ளங்கையை இஞ்சினில் வைத்துவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கை பொறுக்கும் சூட்டுக்கு வரட்டும் என்று காத்திருந்தார்.

வெயில் பாறையைத் தாண்டி அவள் காலுக்கு வந்தது. அவர் எழுந்து, சாக்கை எடுத்துவிட்டு, உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டு ஒரு மிதி மிதித்தார். வண்டி பிடித்துக்கொண்டது. மலை முழுக்க அந்தச் சத்தம் எதிரொலித்தது.

“புடிச்சிடுச்சு குள்ளி, ஏந்திரி,” என்று திரும்பினார்.

அவள் பாறையில் சாய்ந்தபடி வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் மூடவில்லை. மூச்சு இல்லை. வண்டி அவர் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. ஒரே இடத்தில் நின்று கத்துகிற சத்தம் கேட்டு, மாது ஊரிலிருந்து மேடேறி ஓடி வந்து நிறுத்தினார்.

சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். விதி. அவள் நேரம். எமன் வண்டியில் ஏறியே வந்துவிட்டான். வியாகுலம் மேஸ்திரி பஸ் பிடித்து, மேடு நடந்து ஏறி, மாலையோடு வந்தார். சென்றாயன் கையைப் பிடித்துக்கொண்டு, என்னால கண்டுபுடிக்க முடியலியேண்ணா என்று அழுதார்.

“நீங்க என்னா செய்வீங்க. பழைய இரும்பு. அதுக்கு அவ்ளோதான் உசுரு,” என்றார் சென்றாயன்.

சொல்லச் சொல்ல அது அவருக்கே மருந்தாக இருந்தது. பழைய இரும்பு, சூடு, விதி. மூன்றிலும் மனுசன் கை இல்லை. கருமாதி முடிந்து காவேரி அவரைக் கம்பைநல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முதலில் சோறு இறங்கவில்லை; பிறகு இறங்கியது. தூக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மகள் வூட்டுக்காரர் தக்காளி மண்டிக்குப் போகும்போது கூடப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். தன்னால் ஆனதைச் செய்தோம், அதற்கு மேல் நம் கையில் இல்லை என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மனுசன் எழுந்து நடமாடினார்.

வண்டியைப் பார்க்கவே காவேரிக்குப் பிடிக்கவில்லை, விற்றுவிடச் சொன்னாள். பாப்பாரப்பட்டிக்காரர் ஒருவர், வீரமணி என்று பேர், ஓசூரில் கம்பெனி வேலை, பழைய வண்டிகளை வாங்கிப் புதுசாக்குவதில் பைத்தியம். கேள்விப்பட்டுத் தேடி வந்தார். சென்றாயன் எதையும் மறைக்கவில்லை.

“சூடானா நின்னுடுங்க தம்பி. அரை மணி ஆற வுடணும். இதால என் சம்சாரத்தயே பறிகொடுத்துட்டன்.”

வீரமணி அந்தப் பழைய வண்டியின்மேல் கண்ணாக இருந்ததில், கடைசியாகச் சொன்னது அவர் காதில் சரியாக விழவில்லை. சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு சாயங்காலம் போன் வந்தது. காவேரி அடுப்படியில் இருந்தாள். சென்றாயன் எடுத்தார்.

“அண்ணா, வீரமணி பேசறனுங்க. வண்டி வாங்கிட்டுப் போனனே. கண்டுபுடிச்சிட்டங்கண்ணா.” குரலில் சந்தோசம் பொங்கியது. “ஒண்ணுமே இல்ல. இஞ்சினு கல்லு மாதிரி இருக்குது. காயிலு நல்லா இருக்குது. எல்லாம் அந்தப் பெட்ரோல் மூடிதாங்கண்ணா.”

“மூடியா?”

“மூடி நடுவுல ஊசி மொன அளவுக்கு ஒரு ஓட்ட இருக்கும். அதுல காத்து உள்ள போனாத்தான் பெட்ரோலு கீழ எறங்கும். அது அடைச்சிருந்துச்சு. சந்தனமும் மஞ்சாவும் குங்குமமும் அடுக்கடுக்கா காஞ்சு சிமெண்ட் பூசுன மாதிரி இருந்துச்சுங்க. பெயிண்ட் அடிக்கலாம்னு சொரண்டுனன், அப்பதான் ஓட்டயே தெரிஞ்சுது. நல்லாத்தான் பூச போட்டிருக்கீங்க,” என்று சிரித்தார்.

“அப்ப சூடு?”

“சூடெல்லாம் ஒண்ணுமில்லீங்கண்ணா. ஓடுன வண்டி சூடாத்தான் இருக்கும். நிறுத்தி வெச்சா காத்து கொஞ்சம் கொஞ்சமா உள்ள கசிஞ்சிருக்கும், அதான் அரை மணி கழிச்சு புடிச்சிருக்குது.”

சென்றாயன் போனை மறு காதுக்கு மாற்றினார். “நின்னப்ப அந்த மூடியத் தெறந்திருந்தா, தம்பி?”

“தெறந்து மூடுனா போதும், ஒடனே ஓடியிருக்கும்.”

“ஆற வுட வேண்டியதில்ல.”

“எதுக்கு ஆற வுடணும்? அதுலயும் டேங்க் நெறைய இருந்துச்சுன்னா இன்னும் சீக்கிரம் நின்னுடும். உள்ள காத்துக்கு எடமே இருக்காதில்ல. இப்ப ஓசூரு வரைக்கும் ஒரே மூச்சுல போய்ட்டு வந்தன், நிக்கவே இல்ல. உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு. சந்தோசப்படுவீங்கன்னுதான்.”

“சரிங்க தம்பி. நல்லா ஓட்டுங்க.”

போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். மனசு தானாகவே பின்னோக்கிப் போயிற்று. அவள் நோய் வந்த பிறகுதான் வண்டி நின்றது. நோய் வந்த பிறகுதான் அவர் பொட்டு வைக்கத் தொடங்கினார். நின்ற ஒவ்வொரு முறைக்கும் இன்னொரு பூச்சு. காப்பாற்று என்று வேண்டி வேண்டி, தன் கட்டை விரலாலேயே அழுத்தி அழுத்தி அடைத்திருக்கிறார். கடைசி நாளன்று இன்னும் கெட்டியாக. டேங்க் நிறைய ஊற்றியும் வைத்தார். பாறையடியில் அவள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது, எட்டிப் பிடிக்கிற தூரத்தில் அந்த மூடி இருந்தது. அதைத் திருப்பக் கை போகவில்லை. ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தார். விதி என்று இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்தது கையைவிட்டுப் போய்விட்டது. அந்த இடத்தில் தன் விரல்தான் இருந்தது.

வியாகுலத்திடம் சொல்லலாம். ஆற வுடுங்க என்று சொன்னவர் அவர்தானே, பாதியை அவர் தலையில் ஏற்றலாம். அந்த நினைப்பு வந்த வேகத்திலேயே போய்விட்டது. மகளிடம் சொல்லலாம். சொன்னால் அவள் இல்லப்பா, உன் தப்பு இல்லப்பா என்பாள். பிறகு ஒரு நாள், சோறு போடும்போது, அவர் கையைப் பார்ப்பாள். அதை அவரால் தாங்க முடியாது.

காவேரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

“யாருப்பா போன்ல?”

“வண்டி வாங்குனவரு.”

“என்னாவாம்?”

“நல்லா ஓடுதாம்.”

காவேரி சாரல் அடிக்காமல் வாசல் கதவைச் சாத்தினாள். “இப்ப ஓடி என்னத்துக்கு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

“ஆமா,” என்றார் சென்றாயன்.